காத்திருக்கும் காலத்தில் கற்போம்: இணையத்தில் இலவசப் பாடங்கள்

செவன் கிங்ஸ் பகுதிக்குப் புதிதாக வந்தவர்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கேஸ் முடியுமட்டும் சும்மா இருக்கிறதோ? எங்கை இங்கிலீஷ் படிக்கலாம்?"

தஞ்சம் கேட்டு 6 மாதம் கடந்தும் முடிவு வராதவர்கள், அரச நிதியில் நடக்கும் 'ஈசோல்' ஆங்கில வகுப்புக்குத் தகுதி பெறலாம். வகுப்பில் சேருமுன், உங்கள் பிணைக் கடிதத்தில் படிப்புக்குத் தடை உண்டோ என்று பாருங்கள். அதுவரைக்கும் இணையத்தைப் பயன்படுத்தலாம். கணினி இல்லையா? செவன் கிங்ஸ் நூலகத்திலோ இல்ஃபோர்ட் மத்திய நூலகத்திலோ விசாரியுங்கள்.

1. ஆங்கிலம்
பிபிசியின் 'லேர்னிங் இங்கிலீஷ்' தளத்தில் '6 மினிட் இங்கிலீஷ்' என்ற ஒலிப்பாடம் உண்டு. பேசுவது எழுத்திலும் கிடைக்கும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் கேளுங்கள். பிறகு பார்த்துக்கொண்டு கேளுங்கள். மூன்றாம் முறை கூடவே சொல்லிப் பாருங்கள். பிழைவிட வெட்கப்பட வேண்டாம். டொக்டரிடம் உங்கள் வருத்தத்தை நீங்களே சொல்ல ஒருநாள் இது உதவும்.

2. பிள்ளைகளின் பாடம்
பிபிசி 'பைட்சைஸ்' இங்குள்ள பாடத்திட்டத்தைப் படங்களோடும் வீடியோக்களோடும் விளக்கும். கணிதத்துக்கு 'கான் அக்கடமி' நல்லது. பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து நீங்களும் பாருங்கோ. படம் இருந்தால் சொல் தானாக விளங்கும்.

3. எங்கள் தமிழ்
1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம், இலங்கைத் தமிழரின் நூல்களையும் பழைய பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைத்திருக்கிறது. காசு இல்லாமல் வாசிக்கலாம். உங்கள் ஊர்ப் பாடசாலை மலரும் அங்கே இருக்கக்கூடும். உங்கள் கேஸுக்கு உதவக்கூடிய பழைய செய்தி ஏதும் கண்டால், பத்திரிகையின் பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டு முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். நீங்களாக எங்கும் அனுப்ப வேண்டாம்.

பிள்ளைகள் தமிழை மறக்காமலிருக்க, 2001இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் உதவும்.

கவனம்!
• மேலே சொன்ன பாடங்களுக்குக் காசு கட்டத் தேவையில்லை. காசு கேட்டால் நிறுத்துங்கள்.
• இணையத்தில் ஆங்கிலம் படிக்க உங்கள் 'ஏஆர்சி' அட்டை இலக்கமோ ஹோம் ஒஃபிஸ் இலக்கமோ தேவையில்லை. எந்தப் பாடத் தளத்திலும் கொடுக்காதேங்கோ.
• விசா, தஞ்ச விதிகளை வீடியோ பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அரசின் தளம் 'கவ் டொட் யூகே' என்றுதான் முடியும். அதிலும் விளங்காததைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.
• நூலகக் கணினியை விட்டு எழும்ப முன், ஈமெயிலிலிருந்து வெளியேறினீர்களா என்று பாருங்கள். அடுத்தவர் உங்கள் கடிதங்களை வாசிக்க இடம் வைக்கக்கூடாது.

இந்த வாரப் பயிற்சி
ஒரு '6 மினிட் இங்கிலீஷ்' பாடத்தை மூன்று முறை கேளுங்கள். புதிய சொற்கள் ஐந்தைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொன்றையும் வைத்து உங்களைப் பற்றி ஒரு வசனம் எழுதுங்கள். அடுத்தமுறை எங்கள் அலுவலகம் வரும்போது கொப்பியையும் கொண்டு வாங்கோ, சேர்ந்து திருத்துவோம்.