பெக்கான் நானாஸ்: ஐசி பையிலேயே இருக்கட்டும்

போர்த்துகீசியர் கொண்டுவந்த 'அனனாஸ்' மலாய்க்காரர் வாயில் நானாஸ் ஆனது. தமிழர் வாயில் அன்னாசி ஆனது. அந்தப் பழத்தின் பேரையே சூட்டிக்கொண்ட ஊர், ஸ்கூடாயிலிருந்து பொந்தியான் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் இருக்கிறது. வேறு பயிர்கள் முகம் சுளிக்கும் புளித்த சதுப்பு மண்ணில் அன்னாசிதான் இங்கே தாக்குப்பிடித்தது. ஊரிலேயே ஓர் அன்னாசி அருங்காட்சியகமும் உண்டு.

வீட்டுப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு ஒருநாள் சுற்ற வருகிறீர்களா? பெக்கான் நானாஸை மையமாக வைத்துக்கொண்டால் தஞ்சோங் பியாய் முனை, பூலாவ் குக்குப் தீவு, குனோங் பூலாய் மலை மூன்றும் காரில் எட்டும் தூரம்தான். கிளம்புமுன் ஒன்றைச் சரிபாருங்கள்: அப்பா அம்மாவின் ஐசி, அதாவது அடையாள அட்டை, பையில் இருக்கிறதா?

காரணம், நுழைவுக் கட்டணத்தில் மூத்தோருக்குச் சலுகை கிடைக்கலாம். அமெரிக்காவில் 62 வயது நிரம்பிய குடிமக்களும் பச்சை அட்டைக்காரர்களும் 80 டாலர் கட்டினால் தேசியப் பூங்காக்களுக்கு ஆயுள்கால அனுமதி அட்டை பெறலாம். 2017 ஆகஸ்டு வரை அது வெறும் 10 டாலர். முன்னாள் படைவீரர்களுக்கு 2022 முதல் ஆயுள்கால அட்டை இலவசம். மலேசியாவில் எல்லாப் பூங்காவுக்கும் செல்லும் அப்படியொரு தனி அட்டை கிடையாது. இங்கே ஐசிதான் அட்டை. அதன் முதல் ஆறு எண்கள் பிறந்த ஆண்டு, மாதம், நாள். கவுண்டரில் இருப்பவர் ஒரு பார்வையில் வயதைக் கணக்குப் போட்டுவிடுவார். தலைக்கு மை பூசியதெல்லாம் அங்கே எடுபடாது.

60 வயதானவர் 'வார்கா எமாஸ்', அதாவது பொன் குடிமகன். கட்டணப் பலகையில் அந்த இரண்டு சொற்களைத் தேடுங்கள். இல்லாவிட்டாலும் பணத்தை நீட்டுமுன் வாய்விட்டுக் கேளுங்கள். சீட்டைக் கிழித்தபின் கேட்டுப் பயனில்லை. முன்னாள் படைவீரர் அட்டை வைத்திருப்பவர்களும் அதையே செய்யலாம். மாநிலப் பூங்கா, வனத்துறை, அருங்காட்சியகம் என்று ஒவ்வொன்றும் தனி நிர்வாகம். ஓரிடத்தில் கிடைத்த சலுகையை இன்னோரிடத்தில் உரிமையாகக் கேட்டு மல்லுக்கு நிற்க முடியாது.

இதில் ஒரு நெருடல் உண்டு. சலுகை 'குடிமக்களுக்கு' என்று எழுதியிருந்தால் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி வைத்திருப்பவருக்கு அது பொருந்தாது. தோட்டத்தில் பிறந்து, தோட்டத்திலேயே உழைத்து ஓய்ந்த தமிழ்ப் பாட்டிகளில் இன்றும் சிவப்பு ஐசியோடு இருப்பவர்கள் உண்டு. வாசலில் வைத்து அவரைச் சங்கடப்படுத்தாமல் முழுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே அழைத்துப் போவது நல்லது. சிங்கப்பூரிலிருந்து வரும் மூத்தோரும் அங்கத்திய சலுகையை இங்கே எதிர்பார்க்க வேண்டாம்.

முழங்கால் வலிக்காரர்களுக்குத் தஞ்சோங் பியாய்தான் ஏற்றது. ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை. ஏற்றமில்லாத நடைபாலத்தில் அலையாத்திக் காட்டுக்குள் நடந்தே போகலாம். மழை பெய்த பலகை வழுக்கும், ரப்பர் அடிச்செருப்பு அவசியம். வடை, பழப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டால் குரங்கு பிடுங்கிவிடும். தஞ்சோங் பியாய், பூலாவ் குக்குப், சுங்கை பூலாய் மூன்றும் 2003இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. இவற்றில் பூலாவ் குக்குப் மனிதர் குடியில்லாத 647 ஹெக்டேர் அலையாத்தித் தீவு. படகில் ஏறி இறங்கத் தெம்புள்ளவர்களுக்கு மட்டும்.

முன்னாள் படைவீரர் யாராவது உடன் வந்தால் பொந்தியான் கடற்கரையில் சற்று நேரம் நில்லுங்கள். இந்தோனேசியா மலேசியாவோடு மோதிய காலத்தில், 1964 ஆகஸ்டு 17 அன்று இந்தோனேசியப் படையினர் வந்து இறங்கியது இந்தக் கரையோரத்தில்தான். அந்தக் காலத்தில் சீருடை அணிந்தவர்களிடம் கதை கேட்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

654 மீட்டர் குனோங் பூலாய், பேரப்பிள்ளைகளுக்கு. 2001 டிசம்பர் இறுதியில் இங்கே பாய்ந்த திடீர் வெள்ளம் உயிர்களைப் பலிகொண்டது. மலைமேல் மேகம் கறுத்தால் ஓடையில் கால் வைக்காதீர்கள். மலையேற அனுமதிச்சீட்டு வேண்டுமா, பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையிடம் முதல்நாளே விசாரியுங்கள்.

தூரத்திலிருந்து ரயிலில் வருவோர், 60 வயது நிரம்பிய மலேசியருக்குக் கேடிஎம் தரும் பாதிக் கட்டணச் சலுகையைப் பயன்படுத்தி ஜொகூர் பாருவில் இறங்கலாம். அங்குள்ள லார்கின் பஸ் நிலையத்திலிருந்து பொந்தியானுக்குப் பஸ் உண்டு. 2025 ஜனவரி முதல் ஜொகூரின் வார விடுமுறை மறுபடி சனி, ஞாயிறாகிவிட்டது. பழைய வெள்ளி, சனிக் கணக்கில் வந்து ஏமாற வேண்டாம். பெரியவர்களுக்குக் கூட்டமில்லாத வாரநாளே தோது.

திரும்பும் வழியில் சாலையோரக் கடையில் ஜோசபின் அன்னாசி கேளுங்கள். மார்டி ஆய்வுக்கழகம் 1996இல் வெளியிட்ட ரகம். தோலைச் சீவி, கண்ணை எடுத்துத் துண்டு போட்டுத் தரச் சொல்லலாம். இங்கே வார்கா எமாஸ் சலுகை கிடையாது. பேரம்தான்.