தோல்வியுற்ற ஆசானும் அவர்தம் மாணாக்கரும்

விளையாட்டுக் குழுவொன்றின் பெருமையை அதன் வெற்றிகளை எண்ணியே அளக்கும் வழக்கம் நம்மிடை மிகுதியாக உண்டு. தோற்று மீளும் குழுவினரை நோக்கி, “இத்துணைப் பயிற்சியால் விளைந்த பயன் யாது?” என வினவுவோரும் நம்முள் இலரல்லர். இவ்வழக்கம் நேரிதுதானா என ஆராய்தற்கு, அமெரிக்க நாட்டுக் கான்ஸஸ் பல்கலைக் கழகத்தின் ஆடவர் கூடைப்பந்துக் குழுவின் வரலாறு பெரிதும் துணைசெய்யும் எனக் கருதி, அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

கூடைப்பந்தாட்டம் பழங்காலந்தொட்டு மக்களிடையே வளர்ந்து வந்ததன்று; ஒருவரால் ஆக்கப்பட்டது. கனடா நாட்டில் 1861-இல் பிறந்து, மான்ட்ரியல் நகரில் இறைநூல் பயின்ற ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பாரே அவர். 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், ஸ்பிரிங்பீல்டு நகரத்துக் கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்து மண்டபத்துள் ஆடத்தக்கதொரு விளையாட்டு வேண்டப்பட்டது. நெய்ஸ்மித் பழக்கூடைகள் இரண்டினை 10 அடி உயரத்தில் பொருத்தி, 13 விதிகளையும் வகுத்தார். பந்தை ஏந்தி ஓடலாகாது, எதிரியைத் தள்ளலும் இடித்தலும் ஆகா என்பன அவற்றுள் தலையாயவை.

1898-இல் அவர் கான்ஸஸ் பல்கலைக் கழகத்திற்கு வந்து, தேகப்பயிற்சியையும் வழிபாட்டையும் நடத்தும் பொறுப்பேற்றார். அவர் அமைத்த குழு 1899 பிப்ரவரி 3-ஆம் நாள் நிகழ்ந்த முதற் போட்டியில் 5-க்கு 16 எனத் தோற்றது. 1907 வரை அவர்தம் பொறுப்பில் அக்குழு பெற்ற வெற்றி 55, தோல்வி 60. அக்குழுவின் பயிற்சியாளர் வரிசையில் வெற்றியினும் தோல்வி மிகுதியாக உடையவர் அவர் ஒருவரே. அவ்விளையாட்டைப் படைத்தவர்க்கே இந்நிலை நேர்ந்தது! உடலும் ஒழுக்கமும் செம்மையுறுதற்கே ஆட்டம் என்பது அவர் கொள்கை. வெற்றியை அவர் முதற்பொருளாகக் கொண்டிலர்.

எனினும், அவரிடம் பயின்ற பாரஸ்ட் ஆலன், அவர்க்குப்பின் அக்குழுவின் பயிற்சியாளராகி, முன்னும் பின்னுமாக 1956 வரை பணியாற்றி, 590 வெற்றிகளை ஈட்டினார். 1952-இல் தேசியக் கல்லூரிப் போட்டியிலும் வாகை சூடுவித்தார். 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் விழாவிற் கூடைப்பந்து முதன்முதல் இடம்பெற்றபோது, தம் ஆசானை ஆண்டு அனுப்பப் பொருள் திரட்டியவரும் அவரே.

மற்றொரு மாணாக்கர் ஜான் மெக்லெண்டன். 1933-இல் கான்ஸஸிற் சேர்ந்த இவர் கருப்பினத்தவர். அக்காரணத்தால் பல்கலைக் கழகக் குழுவில் ஆட இசைவு பெற்றிலர். ஓர் ஆட்டத்திலும் தோலாத நாளிலும் அக்குழுவைச் சாரும் தோல்வி இஃதென யாம் துணிவோம். நெய்ஸ்மித் அவர்க்கு வழிகாட்டியாக நின்று தம் கலையைக் கற்பித்தார். பின்னர் மெக்லெண்டன் டென்னசி மாநிலத்துக் கருப்பினத்தார் கல்லூரியொன்றின் குழுவைப் பயிற்றி, 1957, 1958, 1959 ஆகிய மூவாண்டும் தொடர்ந்து தேசியப் போட்டியொன்றில் வெல்வித்தார். அதே 1957-இல், கான்ஸஸ் குழுவின் தலைசிறந்த வீரராக வில்ட் சேம்பர்லேன் என்னும் கருப்பினத்தவர் விளங்கினார். இறுதிப் போட்டியில் மும்முறை நேரம் நீட்டி ஆடியும், 53-க்கு 54 என ஒரே புள்ளியில் அக்குழு தோற்றது. ஆயினும், முன்னர் அடைக்கப்பட்ட கதவு திறந்திருந்தது.

1988, 2008, 2022 ஆகிய ஆண்டுகளிலும் கான்ஸஸ் தேசிய வாகை சூடியது. 1955-இல் திறக்கப்பட்ட அதன் ஆட்ட மாளிகை ஆலன் பெயரைத் தாங்கும். அம்மாளிகையின் ஆடுதளமோ நெய்ஸ்மித் பெயரைத் தாங்கும். ஆண்டு வெல்வோர் அனைவரும், மிகுதியாகத் தோற்றவர் பெயர்மீது நின்றே வெல்கின்றனர்.

ஸ்பிரிங்பீல்டிற் பயின்ற ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தேகப்பயிற்சிக் கல்லூரி நிறுவினாராதலின், இம்மரபு நமக்கு அயலன்று. அடுத்த ஆண்டுப் போட்டிகளில் நம் குழு வெல்லுமோ தோற்குமோ, யாம் அறியோம். ஆடுகளத்தின் புறத்தே எவரேனும் நிறுத்தப்பட்டுள்ளனரோ என்பதையேனும் புள்ளிகளை எண்ணுமுன் நாம் ஒருமுறை நோக்குவோமாக.