கோபுரமின்றிக் கைமாறும் செய்தி

2010 ஜனவரியில் ஹெயிட்டி நாட்டில் பூமி அதிர்ந்தபோது கைத்தொலைபேசிச் சேவை பெரும்பாலும் முடங்கியது. உறவினரைத் தேட வழியில்லை. கோபுரம் இல்லாமலே தொலைபேசிகள் செய்தியைக் கைமாற்ற முடியாதா? அவுஸ்திரேலியாவின் பிளின்டர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போல் கார்ட்னர்-ஸ்டீபன் இதற்காகவே 'சேர்வல்' திட்டத்தைத் தொடங்கினார்.

இது நாம் கிணற்றடியில் வரிசையாக நின்று வாளி கைமாற்றுவது போன்றது. நடுவில் நிற்பவர் ஒரே நேரத்தில் வாங்கவும் கொடுக்கவும் முடியாது. ஒரே அலைவரிசையில் இயங்கும் கருவியும் அப்படித்தான், கேட்கும்போது பேசாது. ஆகவே இடையில் ஒரு கருவி வந்தாலே வேகம் பாதியாகிறது.

"வலுவைக் கூட்டி ஒரேயடியாகத் தூரத்துக்கு அனுப்பினால் என்ன?" என்று கேட்பீர்கள். கைமாற்றம் குறையும், உண்மைதான். ஆனால் ஒருவர் உரத்துக் கத்தினால் பக்கத்தில் உள்ளவர்கள் பேச முடியுமா? அவர் முடிக்கும்வரை சுற்றியுள்ள கருவிகள் காத்திருக்க வேண்டும். மின்கலமும் விரைவில் தீரும். சனநெருக்கம் மிகுந்த முகாமில் மெல்லப் பேசும் கருவிகளே மேல். வீடுகள் சிதறிக் கிடக்கும் ஊரில் இக்கணக்கு மாறும்.

தூரம் வேண்டுமானால் வேகத்தை விட்டுக்கொடுக்கலாம். மெதுவாக அனுப்பும் செய்தியை மங்கலாகக் கேட்டாலும் கருவி பிரித்தறிந்துவிடும். சேர்வல் குழுவினரும் பின்னர் வேகம் குறைந்த, தூரம் எட்டும் றேடியோவை ஒரு சிறு பெட்டியில் சேர்த்தனர். அதில் படம் அனுப்புவது கடினம். "சுகமாக இருக்கிறோம், அம்மாவும் எங்களுடன்" என்ற வரி போய்ச்சேரும்.