‘ஒரு பழக்கம் இருக்கு டாக்டர்’

புதிதாக ஓ.பி.யில் உட்காரப் போகும் இளம் மருத்துவர்களுக்கும், ஆலோசகர் வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சர்க்கரைக்கும் காசநோய்க்கும் உங்களைத் தயார் செய்திருப்பார்கள். சுயஇன்பம் பற்றிக் கேட்க வருகிறவருக்கு என்ன சொல்வது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் சீக்கிரமே வந்துவிடுவார்.

1. எடுத்த எடுப்பில் அதைச் சொல்ல மாட்டார். அசதி, இடுப்புவலி, ஞாபகமறதி, கன்னம் ஒட்டிப்போச்சு, ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சுற்றிச் சுற்றி வருவார். கூட அண்ணனோ அம்மாவோ இருந்தால் இன்னும் சுற்றுவார். ‘பரிசோதனை பண்ணணும், கொஞ்சம் வெளியே இருங்க’ என்று கூட வந்தவரை நீங்களே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துங்கள். நர்ஸும் அட்டெண்டரும் வந்து போகிற அறையில் இந்தப் பேச்சு நடக்காது. அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, ‘காலேஜ் நாள்லேர்ந்து ஒரு பழக்கம் இருக்கு டாக்டர்’ என்பார். அந்த நேரத்தில் உங்கள் முகத்தைத்தான் அவர் படிப்பார். லேசாகச் சிரித்தாலும் போச்சு. அடுத்து அவர் போகும் இடம் லாட்ஜில் முகாம் போட்டிருக்கும் ‘பரம்பரை வைத்தியர்’.

2. அவரைப் படிக்காதவர், பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது துளி ரத்தம் சுண்டினால்தான் ஒரு துளி விந்து என்ற நம்பிக்கை இந்தத் துணைக்கண்டம் முழுக்க இருக்கிறது. அந்தப் பயத்தோடு வருபவர்களின் நிலைக்கு 1960இல் ‘தாத் சிண்ட்ரோம்’ என்று பெயர் வைத்தவர் மனநல மருத்துவர் என்.என். விக். தாது என்ற அதே சொல்தான். சரி, நம்மூர்ப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கலாமா என்றால், முடியாது. ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் டிஸ்ஸோ 1760இல் ஒரு புத்தகம் போட்டார். சுயஇன்பத்தால் கண் மங்கும், மூளை வறளும், ஆள் உருக்குலைந்து சாவான் என்று அவர் எழுதியதை ஐரோப்பாவே நூறு வருஷத்துக்கு மேல் நம்பியது. கார்ன்ஃப்ளேக்ஸ் புகழ் கெல்லாகும் மருத்துவர்தான். இந்த விஷயத்தில் அவர் எழுதியதைப் படித்தால் நம் லேகிய வைத்தியர்கள் சாது. அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி ஜாய்ஸ்லின் எல்டர்ஸ், பாலியல் கல்வியில் இதைப் பற்றியும் சொல்லலாம் என்ற பொருளில் ஒரு பதில் சொன்னதற்காக 1994 டிசம்பரில் பதவியை இழந்தார். ஆகவே உங்கள் எதிரில் இருப்பவருக்குப் பயம் வந்ததில் ஆச்சரியமே இல்லை. அதை மருத்துவர்களும் சேர்ந்துதான் வளர்த்தார்கள்.

3. ‘இதெல்லாம் நார்மல், போங்க’ என்று அனுப்பாதீர்கள். அவர் நம்ப மாட்டார். கணக்காகச் சொல்லுங்கள். ஒரு தடவை வெளியேறுவது ஒன்றரை மில்லியிலிருந்து ஐந்து மில்லி வரை. மிஞ்சிப்போனால் ஒரு டீஸ்பூன். அதில் விந்தணுவின் பங்கு நூற்றில் ஐந்துகூட இல்லை. மற்றதெல்லாம் விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர்: கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் புரதம், துத்தநாகம். விந்தணு தினமும் கோடிக்கணக்கில் உருவாகிக்கொண்டே இருக்கிறது. ஒன்று முழுதாக வளர ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும். அடக்கி வைத்தாலும் அது சேமிப்பாகச் சேராது. உடம்பே உள்ளே கரைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தூக்கத்தில் தானாக வெளியேறும். ரத்தத்திலிருந்து ஒரு துளிகூட இதற்காகச் சுண்டுவதில்லை.

காகிதத்தில் ஒரு படம் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. சிறுநீர் வெள்ளையாகக் கலங்கிப் போகிறது, அதில் தாது போகிறது என்பவர்களுக்கு ஒரு சிறுநீர்ப் பரிசோதனை எழுதுங்கள். பெரும்பாலும் பாஸ்பேட் உப்பாக இருக்கும். ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்து விளக்குங்கள். வாயால் சொல்வதைவிடத் தாளுக்கு மரியாதை அதிகம்.

4. வைட்டமின் மாத்திரை எழுதாதீர்கள். ‘ஒரு திருப்திக்கு’ பி-காம்ப்ளெக்ஸ் கொடுத்து அனுப்பும் வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. நீங்கள் அரைமணி நேரம் ஒன்றும் இழக்கவில்லை என்று பேசிவிட்டு, கடைசியில் சத்து மாத்திரை நீட்டினால் அவர் எதை நம்புவார்?

5. அவர் ஏற்கெனவே லேகியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். ஆண்மைக் குறைவைப் போக்குவதாகவும் இன்பத்தைக் கூட்டுவதாகவும் மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. சுவரொட்டிக்கும் நள்ளிரவு டி.வி.க்கும் அது தெரியாதது போலத்தான் நடக்கிறது. ‘மூலிகை’ என்று விற்கும் பொடிகளில் சில்டெனாஃபில் கலந்திருப்பதை உலகெங்கும் ஆய்வகங்கள் பிடித்திருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் அந்தப் பொடியைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போகும். பழக்கத்தால் யாரும் உருக்குலைந்து சாவதில்லை. அதற்கான ‘மருந்தால்’ சாக வழி இருக்கிறது.

6. பயம் போன பிறகுதான் நன்மையைப் பேச வேண்டும். உறுதியாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான், ஆனால் அவை நல்லவை. உச்சத்துக்குப் பிறகு புரோலாக்டின் கூடுகிறது, ஆக்ஸிடோசின் சுரக்கிறது, தசைகளின் இறுக்கம் தளர்கிறது. பலரும் அதன் பிறகு நன்றாகத் தூங்குவதாகச் சொல்கிறார்கள். வலி தாங்கும் சக்தி கூடுகிறது. ஆய்வாளர்கள் பெவர்லி விப்பிளும் பாரி கோமிசாருக்கும் 1985இல் பெண்களிடம் இதை அளந்தே காட்டினார்கள். மாதவிடாய் வயிற்றுவலிக்கு இது இதமாக இருப்பதாகச் சொல்லும் பெண்கள் உண்டு. ஒற்றைத் தலைவலிக்காரர்களை ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகரத்து நரம்பியல் மருத்துவர்கள் கேட்டு 2013இல் வெளியிட்டார்கள்: வலி இருக்கும்போது பாலியல் செயலில் ஈடுபட்டவர்களில் பாதிக்கு மேல் வலி குறைந்ததாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவருக்கு வலி கூடியது என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று, எந்த ஆய்வுக்கும் காத்திருக்க வேண்டாதது. தனியாகச் செய்துகொள்வதில் கர்ப்பம் கிடையாது, பால்வினை நோய் கிடையாது. வெளியூரில் தங்கி வேலை பார்க்கும், மனைவி ஊரில் இருக்கும் லாரி டிரைவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். உடனே புரிந்துகொள்வார்.

7. புராஸ்டேட் புற்றுநோய்க் கதையைக் கவனமாகச் சொல்லுங்கள். ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஏறக்குறைய 32 ஆயிரம் ஆண்களை 1992 முதல் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்டது அது. மாதம் 21 தடவையோ அதற்கு மேலோ விந்து வெளியேறியவர்களுக்கு, நான்கு முதல் ஏழு தடவைக்காரர்களைவிட அந்தப் புற்றுநோய் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகக் காணப்பட்டது. உடலுறவு, சுயஇன்பம், தூக்கத்தில் வெளியேறியது எல்லாம் சேர்ந்த கணக்கு. வித்தியாசம் பெரும்பாலும் தீவிரம் குறைந்த வகைப் புற்றில்தான். அவர்கள் சொன்ன எண்ணிக்கையை நம்பி எழுதிய ஆய்வு. இதனால்தான் அது என்று நிரூபித்த ஆய்வு அல்ல. ‘மாசம் இருபத்தொண்ணு’ என்று யாருக்கும் பிரிஸ்கிரிப்ஷன் எழுதிவிடாதீர்கள்! அப்படி ஒரு மீம் ஓடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, எண்ணிக்கை எட்டவில்லையே என்று கவலைப்பட்டு வருபவரும் உண்டு.

8. நோய் எதிர்ப்பு சக்தி கூடும், தோல் பளபளக்கும், முடி வளரும் என்பதையெல்லாம் விட்டுவிடுங்கள். எதிர்ப்பக்கத்து மூடநம்பிக்கைக்கும் இடம் தராதீர்கள். ஏழு நாள் அடக்கினால் டெஸ்டோஸ்டிரோன் எகிறும் என்று யூடியூப் வாலிபர்கள் காட்டும் சீனக் கட்டுரை பின்னாளில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. தொண்ணூறு நாள் சவால் எடுத்து, எண்பதாம் நாள் ‘தோற்று’ அழுதுகொண்டு வருகிறார்கள் பிள்ளைகள். பழைய லேகியக் கடையின் புதுக் கிளைதான் இது.

9. பெண்கள் இதைக் கேட்டு வரமாட்டார்கள். அதனால் அவர்களுக்குக் கேள்வி இல்லை என்று அர்த்தமில்லை. அமெரிக்காவில் பாலியல் ஆய்வாளர் கின்ஸி 1953இல் போட்ட கணக்கில், நூற்றுக்கு 62 பெண்கள் சுயஇன்ப அனுபவம் உண்டு என்றார்கள். அதற்கு ஐந்து வருஷம் முன்பு ஆண்களிடம் கிடைத்த எண் 92. நம் ஊரில் பெண் அதை வெள்ளைப்படுதல் வழியாகக் கேட்பாள்: ‘எலும்பு உருகிப் போகுதுங்களா?’ இயல்பான திரவம் எது, நாற்றமும் அரிப்பும் இருந்தால் என்ன பார்க்க வேண்டும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். கல்யாணமாகிப் பல வருஷமாகியும் உச்சம் என்றால் என்னவென்று தெரியாத பெண்களை நிறையச் சந்திப்பீர்கள். கிளிட்டோரிஸ் வெளியே தெரியும் சிறு நுனி மட்டுமல்ல, உள்ளே பல சென்டிமீட்டர் விரிந்த உறுப்பு என்பதை ஆஸ்திரேலிய அறுவை மருத்துவர் ஹெலன் ஓ’கானல் 1998இல்தான் பாடப்புத்தகங்களுக்குப் புரிய வைத்தார். நம் பாடநூலுக்கே அவ்வளவு நாள் ஆனது என்றால், அந்தப் பெண்ணைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? தன் உடம்பு எதற்கு இசைகிறது என்பதைத் தனியாக அறிந்துகொள்வது, உச்சம் வராத பெண்களுக்கு உலகெங்கும் சொல்லித்தரும் முறையான சிகிச்சை.

கன்னித்திரை பற்றிய பயத்தோடும் சிலர் வருவார்கள். அதை வைத்து யாருடைய கடந்த காலத்தையும் சொல்ல முடியாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

10. ‘எத்தனை தடவை சரி?’ என்பதற்கு எண்ணில் பதில் இல்லை. வேலைக்குப் போகிறாரா, தூங்குகிறாரா, நண்பர்களோடு இருக்கிறாரா, புண்ணாகிறதா என்று கேளுங்கள். நிறுத்த முயன்றும் முடியாமல் வாழ்க்கை கெடுகிறது என்றால் அது கவனிக்க வேண்டியது. உலக சுகாதார நிறுவனம் தன் ஐ.சி.டி.-11 பட்டியலில் அடக்க முடியாத பாலியல் நடத்தைக்கு ஓர் இடம் தந்திருக்கிறது. ‘இது பாவம்’ என்ற குற்றவுணர்ச்சி மட்டுமே துன்பத்துக்குக் காரணமென்றால் அது நோய் ஆகாது என்றும் அங்கேயே சொல்லியிருக்கிறது.

11. விரதக்காரரோடு வாதாடாதீர்கள். மாலை போட்டு நாற்பத்தொரு நாள் இருப்பவருக்கு அதனால் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை. செய்யாமல் இருப்பதும் ஆரோக்கியம்தான்.

12. சிலவற்றைத் தட்டிக்கழிக்கக் கூடாது. உச்சத்தின்போது தலையில் இடி விழுந்தாற்போல் திடீர்த் தலைவலி வந்தால், முதல் தடவையிலேயே ஸ்கேனுக்கு அனுப்புங்கள்; மூளை ரத்தக்கசிவாக இருக்கலாம். விந்தில் ரத்தம், நாற்பது தாண்டியவருக்கு என்றால், புராஸ்டேட்டைப் பாருங்கள். உச்சமே வராமல் போனால் சர்க்கரையைப் பாருங்கள், மனச்சோர்வு மாத்திரைச் சீட்டையும் பாருங்கள். தனியாக முடிகிறது, மனைவியிடம் முடியவில்லை என்பவர் குப்புறப் படுத்து மெத்தையில் அழுத்தியோ மிக இறுக்கிப் பிடித்தோ பழகியவராக இருக்கலாம். பிடியை மாற்றிப் பழகச் சொன்னாலே பலருக்குச் சில வாரங்களில் சரியாகும்.

13. வயதானவர்களிடமும் கேளுங்கள். மனைவியை இழந்த அறுபத்தைந்து வயதுக்காரர், ‘இந்த வயசுல இது தப்பில்லையா சார்?’ என்று மெல்லக் கேட்பார். மூச்சு வாங்காமல், நெஞ்சு வலிக்காமல் இரண்டு மாடி ஏறுகிறார் என்றால் இதயத்துக்கும் ஒன்றும் ஆகாது.

14. மறுபடி வரச் சொல்லுங்கள். தாது பயத்தோடு வருபவர்களில் பலருக்கு அடியில் மனச்சோர்வோ பதற்றமோ இருக்கும். முதல் நாள் அதை எட்டிக்கூடப் பார்க்க முடியாது. இரண்டாம் தடவை தனியாக வருவார். அப்போது தூக்கம், பசி, வேலை, வீட்டில் கல்யாணப் பேச்சு எங்கே நிற்கிறது என்று கேட்டுவிட்டு, உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றியதா என்றும் நேராகக் கேளுங்கள்.