கைக்கணினிப் படம் ஊரார் கண்ணுக்கு

தூத்துக்குடிக்குத் தென்மேற்கே, பனைகள் நிறைந்த நிலப்பகுதியில் அமைந்துள்ள பேரூர் சாயர்புரம். பிற்காலத்தில் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1886ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜி. யு. போப், 1840களில் இவ்வூரில்தான் கல்விப்பணி ஆற்றினார். நூல்கள் அரிதாயிருந்த அக்காலத்தில், ஒரு நூலில் உள்ளதை வகுப்பிலுள்ளோர் அனைவரும் ஒருங்கே அறியச் செய்தது ஆசிரியரின் குரல். ஒருவர் கையில் உள்ள அறிவைப் பலருக்கும் உரியதாக்குவதே கல்வியின் அடிப்படை.

இன்று உழவர்க்கு வேண்டிய செய்திகள் பல, படமாகவும் பேச்சாகவும் டேப்லட் எனப்படும் கைக்கணினிக்கே வந்து சேர்கின்றன. ஆயினும் எட்டு அல்லது பத்து அங்குலத் திரையை எத்தனை பேர் பார்க்க இயலும்? முன்னிருப்போர் இருவரோ மூவரோ காண்பர். பின்னால் நிற்கும் பெண்கள் பேச்சை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புவர். அப்படத்தை வீட்டிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியில் தோன்றச் செய்யும் முறையை ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் அறிந்துகொள்வது நலம் பயக்கும். அம்முறையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

கூடிக் காண்பதன் பயன்

கூடிக் கேட்பதும் கூடிக் காண்பதும் நமக்குப் புதியன அல்ல. 1960களில் ஆடுதுறை 27 என்னும் நெல் வகையைப் பற்றித் தஞ்சை மாவட்ட உழவர்கள் வானொலி வாயிலாகக் கேட்டறிந்தனர். அதனால் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே அவர்கள் பெயரிட்டனர். 1967ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் தில்லித் தொலைக்காட்சியில் ‘கிருஷி தர்ஷன்’ என்னும் உழவர் நிகழ்ச்சி தொடங்கியபோது, அதனைச் சுற்றியிருந்த 80 கிராமங்களின் மக்கள் பொதுப் பெட்டிகளின் முன் அமர்ந்து கண்டனர். 1975-76ஆம் ஆண்டில் செயற்கைக்கோள் வாயிலாக நடந்த கல்வித் தொலைக்காட்சிச் சோதனை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களை எட்டியது. அன்று நிகழ்ச்சியையும் நேரத்தையும் நிலையமே முடிவு செய்தது. இன்றோ, எந்தப் படத்தை எப்பொழுது காண்பது, எவ்விடத்தில் நிறுத்தி வினவுவது என்பவற்றை ஊராரே முடிவு செய்யலாம். இவ்வுரிமை பெரிது.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். நம் மாவட்டத்தின் கரிசல் வட்டாரங்களில் மக்காச்சோளம் பயிராகிறது. 2018ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழகத்திற்கும் பரவிப் பெருஞ்சேதம் விளைத்தது. தலையின் முன்புறத்தில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ எழுத்தைப் போன்ற வெளிர்கோடும், வால் முனைக்கு அருகில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இப்புழுவின் அடையாளங்கள். கைக்கணினியில் கடுகளவாய்த் தோன்றும் அப்புள்ளிகள் தொலைக்காட்சியில் நாணயம் அளவு தெரியும். களையெடுக்கும் பெண்களே குருத்தில் பதுங்கும் புழுவை முதலில் காணக்கூடியவர்கள். அவர்கள் அடையாளம் அறிந்திருப்பின், சேதம் பரவுமுன் நடவடிக்கை எடுக்கலாம். அறியாதிருப்பின், குருத்து தின்னப்பட்ட பின்னரே செய்தி உழவரை எட்டும்.

நான்கு வழிகள்

முதல் வழி, கம்பி இணைப்பு. புதிய தொலைக்காட்சிகளின் பின்புறத்தில் எச்.டி.எம்.ஐ. என்று குறித்த துளை இருக்கும். கைக்கணினிக்கேற்ற இணைப்பானை வாங்கி, எச்.டி.எம்.ஐ. கம்பியால் இரண்டையும் பிணைத்து, தொலைக்காட்சியின் ரிமோட்டில் அத்துளையைத் தேர்ந்தெடுத்தால் படமும் ஒலியும் வரும். இதற்கு வைஃபை வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டைப்-சி துளை உள்ள கைக்கணினிகள் அனைத்தும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. பல, மின்னேற்றத்திற்கும் கோப்புப் பரிமாற்றத்திற்கும் மட்டுமே உரியவை. ஆகவே கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குக.

இரண்டாம் வழி, காஸ்ட் செய்தல். கைக்கணினியும் தொலைக்காட்சியும் ஒரே வைஃபையில் இணைந்திருத்தல் இதற்கு இன்றியமையாதது. யூடியூப் போன்ற செயலியில், திரையின் மூலையில் அலைக்கோடுகளுடன் கூடிய சிறு கட்டம் ஒன்று தோன்றும். அதைத் தொட்டுத் தொலைக்காட்சியின் பெயரைத் தேர்ந்தால் போதும். இதில் கைக்கணினி படத்தைச் சுமந்து செல்வதில்லை. படம் இருக்கும் முகவரியை மட்டும் தெரிவிக்கிறது. தொலைக்காட்சியே இணையத்திலிருந்து நேரே படத்தைப் பெற்றுக்கொள்கிறது. எனவே கைக்கணினியின் மின்கலம் விரைவில் தீராது. அதன் திரையை அணைத்தாலும் படம் நிற்காது. ஆண்ட்ராய்டு தொலைக்காட்சிகள் பலவற்றில் இவ்வசதி உள்ளது. இல்லாத பெட்டிகளின் எச்.டி.எம்.ஐ. துளையில் இதற்கென விற்கும் சிறு கருவியைப் பொருத்திக்கொள்ளலாம்.

மூன்றாம் வழி, திரைப் பிரதிபலிப்பு. கைக்கணினியின் திரை முழுவதும் கண்ணாடியில் தெரிவதுபோல் அப்படியே தொலைக்காட்சியில் தோன்றும். மிராகாஸ்ட் என்னும் முறையில் இரு கருவிகளும் ஒன்றோடொன்று நேரே தொடர்பு கொள்வதால், ரவுட்டர் இல்லாத இடத்திலும், முன்னரே சேமித்து வைத்த படத்தை இணையமின்றிக் காட்டலாம். வயலில் எடுத்த ஒளிப்படங்களையும் ஊராட்சிக் கணக்கையும் காட்ட இதுவே ஏற்றது. எல்லாக் கைக்கணினிகளிலும் மிராகாஸ்ட் இல்லை என்பதையும் நினைவிற்கொள்க.

நான்காம் வழி, பென்டிரைவ். எம்.பி.4 வகைக் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றித் தொலைக்காட்சியின் யு.எஸ்.பி. துளையில் செருகினால் பெரும்பாலான புதிய பெட்டிகள் அதனைக் காட்டும். தொடர்பலை எட்டாத சிற்றூர்களுக்கு இதனினும் எளிய வழி இல்லை.

2006ஆம் ஆண்டில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் பெற்ற பழைய பெட்டியை இன்னும் வைத்திருப்போர் மனந்தளர வேண்டா. அத்தகைய பெட்டியில் மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகள் இருப்பின், எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக மாற்றும் சிறு பெட்டியைக் கொண்டு படம் பெறலாம். ஏ.வி.யை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றும் பெட்டியும் தோற்றத்தில் இதை ஒத்தது. ஆனால் இதற்கு அது பயன்படாது. மேலெழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குக.

டேட்டாக் கணக்கு

செலவறியாது தொடங்கிய செயல் பாதியில் நிற்கும். நடுத்தரத் தெளிவுள்ள 480பி படத்திற்கு நொடிக்கு ஏறத்தாழ 1.1 மெகாபிட் வேகமும், 720பி படத்திற்கு 2.5 மெகாபிட்டும், 1080பி படத்திற்கு 5 மெகாபிட்டும் வேண்டும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 720பி படத்தை ஒரு மணி நேரம் காண, 2.5ஐ 3,600ஆல் பெருக்கி எட்டால் வகுக்க, 1,125 எம்.பி. ஆகிறது; அதாவது ஒரு ஜி.பி.க்குச் சற்று மிகுதி. 480பி படத்திற்கு இதில் பாதியும் ஆகாது. 1080பி படத்திற்கு இதைப்போல் இரு மடங்கு ஆகும். நாளொன்றுக்கு 2 ஜி.பி. பெறுவோர் தெளிவைக் குறைத்து வைத்தால், ஒரு மாலைக் கூட்டம் தடையின்றி நடைபெறும்.

இடர்களும் நீக்கும் வகையும்

தொலைக்காட்சியின் பெயர் கைக்கணினியில் தோன்றாவிடின், இரண்டும் ஒரே வைஃபையில் உள்ளனவா என முதலில் பார்க்க வேண்டும். ஒன்று ‘விருந்தினர்’ வைஃபையில் இருந்தால் மற்றொன்றைக் காணாது. வீட்டில் ரவுட்டர் இல்லையெனில், வேறொரு கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இரண்டையும் சேர்க்கலாம். படம் தடைப்பட்டுத் தடைப்பட்டு வந்தால் ரவுட்டரை அருகே கொணர்க. 5 கிகாஹெர்ட்ஸ் அலை விரைவானது; எனினும் சுவரைக் கடப்பதில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையே வல்லது. தடித்த சுவருள்ள பழைய வீடுகளில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும்.

எச்சரிக்கை

திரைப் பிரதிபலிப்பில், கைக்கணினிக்கு வரும் ஒவ்வொரு செய்தியும் ஊரார் முன் தோன்றும். வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எண்ணும் அவ்வாறே தோன்றக்கூடும். ஆதலால் கூட்டம் தொடங்குமுன் ‘தொந்தரவு செய்யாதே’ என்னும் நிலையில் கருவியை வைத்தல் வேண்டும்.

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. வங்கி அலுவலர் என்றோ, மானியம் வழங்குபவர் என்றோ தொலைபேசியில் கூறி, ஒரு செயலியை நிறுவித் திரையைப் பகிருமாறு கேட்போர் உளர். நம் வீட்டுத் தொலைக்காட்சியோடு திரையைப் பகிர்வது வேறு; முகமறியா அயலானோடு பகிர்வது வேறு. முன்னது கூடத்திற்குள் நிற்பது. பின்னது பெட்டகத்தின் சாவியைத் தெருவில் போவோனிடம் கொடுப்பதற்கு ஒப்பாகும். ஏமாற்றப்பட்டோர் சிறிதும் தாமதியாது 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்தல் வேண்டும். உழவர் ஒருவரின் ஆண்டு வருவாய் முழுவதும் ஒரு நிமிடத்தில் போய்விடக்கூடும் என்பதைக் கூட்டந்தோறும் எடுத்துரைப்பது உறுப்பினர்களின் கடமை.

மழைக்கு முன் செய்யத்தக்கது

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் பெய்த பெருமழையை இவ்வட்டாரத்தார் மறவார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி பெருக்கெடுத்து ஏரல், திருவைகுண்டம் பகுதிகளைச் சூழ்ந்தது. மின்சாரமும் தொலைபேசியும் பல ஊர்களில் அற்றுப்போயின. அத்தகைய வேளையில் தொலைக்காட்சியும் வைஃபையும் உதவா. மின்கலத்தால் இயங்கும் வானொலியே துணை. ஆகவே இக்கருவியின் காலம் வெள்ளத்திற்கு முந்திய காலமாகும். ஐப்பசிக்கு முன்னரே ஊர் வரைபடத்தைப் பெருந்திரையில் காட்டி, எத்தெரு தாழ்ந்தது, எப்பள்ளிக்குச் செல்வது, முதியோரையும் கால்நடைகளையும் யார் அழைத்துச் செல்வது என்பவற்றை முடிவு செய்துவிட வேண்டும். வரைபடத்தை அனைவரும் ஒருங்கே கண்டால், “எனக்குத் தெரியாது” என்று பின்னர் கூறுவார் இரார்.

உறுப்பினர்கள் செய்யத்தக்கன

வாரம் ஒரு மாலை, எல்லாப் பிரிவினரும் தயக்கமின்றி வந்து அமரக்கூடிய பொது இடத்தில் படம் காட்டுக. இருபது நிமிடத்திற்கு மேற்படாத படமே போதும். இடையிடையே நிறுத்தி, அனுபவம் மிக்க உழவர் ஒருவரைப் பேசச் செய்க. மருந்து, உரம் பற்றிய படமாயின், அது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தினுடையதோ வேளாண்மைத் துறையினுடையதோ எனத் தெளிந்த பின்னரே காட்டுக. விற்போரின் விளம்பரமும் அறிவுரை போலவே தோற்றமளிக்கும். ஐயம் எழுந்தால் வேளாண்மை அலுவலரையோ, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியையோ அணுகலாம். கிராம சபையில் வரவு செலவைத் திரையில் காட்டி வரி வரியாகப் படித்தால், எழுத்தறியாதவரும் வினவும் துணிவு பெறுவர்.

கருவி வாங்குவது எளிது. அதன் முன் ஊரைக் கூட்டுவதே அரிது. அவ்வரிய செயலைச் செய்து முடிக்கும் ஊரில், ஒருவர் கற்றது அனைவர்க்கும் உடைமையாகும்.

கலந்துரையாடற்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் இணையமின்றிப் படம் காட்ட எவ்வழி ஏற்றது?

2. காஸ்ட் செய்தலுக்கும் திரைப் பிரதிபலிப்பிற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. கூட்டத்திற்கு வர இயலாத பெண்களுக்கும் முதியோருக்கும் செய்தி எட்ட என்ன செய்யலாம்?

4. வரும் மழைக்காலத்திற்கு முன் நாம் ஒருங்கே காண வேண்டிய வரைபடமும் படங்களும் எவை?