ஜிம்மியை அழைத்த பெண்

பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி வாகரைக்குப் போகும் பஸ்ஸில் ஒருநாள் பழைய ஹிந்திப் பாட்டொன்று ஒலித்தது. 'ஜிம்மி ஜிம்மி'. பக்கத்தில் இருந்த உம்மா, "இது எங்கட காலத்துப் பாட்டு" என்றார். லண்டனில் ஒரு தமிழ்ப் பெண் அதைத் திரும்பப் பாடியிருப்பதாகச் சொன்னேன். நம்பவில்லை. இக்கட்டுரை உம்மாவுக்கும் சேர்த்துத்தான்.

1982இல் வந்த 'டிஸ்கோ டான்சர்' படத்தில், தாயை இழந்த அதிர்ச்சியில் கதாநாயகன் மேடையில் வாயடைத்து நிற்கிறான். அவனைப் பாடவைக்கத்தான் கதாநாயகி இப்பாட்டைப் பாடுகிறாள். பாட்டு அவளுடையது; கதை அவனுடையது. அவன் வாய் திறந்ததும் அவள் வேலை முடிந்துவிடும். நம் தமிழ்ப் படங்களில் இதை எத்தனை தரம் பார்த்துவிட்டோம்!

2007இல் அதை மீண்டும் பாடியவர் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம். லண்டனில் பிறந்து, கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் வந்து, போரினால் மறுபடி லண்டனுக்கே அகதியாகப் போனவர். சிறுவயதில் விருந்துகளில் இந்தப் பாட்டுக்கு ஆடியவர். அவர் பாட்டில் ஜிம்மி பேசுவதே இல்லை. படுகொலை நடந்த நாடுகளுக்குப் பயணம் போகும் ஆணிடம் தன்னையும் கூட்டிப்போகச் சொல்கிறாள் பெண். கொஞ்சலா, கிண்டலா? எனக்குக் கிண்டல் என்றே படுகிறது. போரைப் பார்க்கப் போகிறவனிடம், போரிலிருந்து தப்பி வந்தவள் வேறெப்படிப் பேசுவாள்? 2007 தொடக்கத்தில் வாகரையை விட்டு வெளியேறியவர்களைக் கேட்டால் தெரியும்.

அந்த அல்பத்தின் பெயர் 'கலா', தாயின் பெயர். 2005இல் வந்த முதல் அல்பத்துக்குத் தந்தையின் இயக்கப் பெயர். 'கலா'வின் முதல் பாட்டில், 'தளபதி' (1991) படத்துக்கு இளையராஜா அமைத்த 'காட்டுக்குயிலு' கேட்கும். அது இரு ஆண்களின் நட்பைப் பாடியது. கூடவே, இரவில் காரோட்டும் குதூகலத்தைப் பாடிய ஓர் அமெரிக்க றொக் பாட்டின் சாயலும் உண்டு. ஆனால் இங்கே பெண் காருக்குள் இல்லை. வெளியே நின்று பெரிய காரின் கதவைத் தட்டுகிறாள்.

ஐந்து வருடம் கழித்து 'பேட் கேர்ள்ஸ்' பாட்டின் காணொளி வந்தது. மொரோக்கோவில் எடுத்தது. அதில் பெண்களே காரோட்டுகிறார்கள். அப்போது சவூதியில் பெண்கள் வாகனமோட்டத் தடை. 2018 ஜூனில்தான் நீங்கியது. காரை இரண்டு சில்லில் சாய்த்து ஓட்டும் சாகசம் எனக்கு வேண்டாத வேலையாகத் தெரிந்தது. பாட்டுக் கேட்பதை விரும்பாத பெற்றோரும் இதை வாசிப்பீர்கள். கேட்கச் சொல்லவில்லை, 2007இல் கதவைத் தட்டியவள் 2012இல் எந்த ஆசனத்தில் இருக்கிறாள் என்று மட்டும் கவனியுங்கள். ஸ்கூட்டி பழக எனக்கு வாப்பாவின் சம்மதம் கிடைக்க மூன்று மாதம் ஆனது.

கலா என்ற அந்தத் தாய் லண்டனில் தையல் வேலை செய்தவர். பிரித்தானிய அரச பதக்கங்களுக்குக் கையால் தைத்துக் கொடுத்தவர். 2020இல் அப்படியொரு பதக்கம் மகளுக்கே கிடைத்தது.

அபாயா தைத்துக்கொண்டிருந்த உம்மாவிடம் இதைச் சொன்னேன். மெஷினை நிறுத்தினார்.

"ஒண்டுக்கு எவ்வளவு கூலியாம்?"