பாடம்: உடற்பருமன் குறைய, நிலைத்து நிற்கும் உணவுமுறை

இடம்பெயர்ந்தோரின் உணவு என்றதும் பசியே முதலில் நினைவுக்கு வரும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்தும், 1995இல் வலிகாமம் முழுவதிலிருந்தும், 2009இல் வன்னியிலிருந்தும் வெளியேறிய எமது குடும்பங்கள் பசியை நன்கு அறியும். ஆயினும் அதே குடும்பங்களில் இன்று நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு வயிறு பருத்திருக்கிறது, முழங்கால் நோகிறது, நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதாமாதம் கிளினிக் போகவேண்டியிருக்கிறது. பசியும் பருமனும் ஒரே வீட்டில் எப்படிச் சேர்ந்தன? அதை எப்படி மாற்றலாம்? இவற்றை இப்பாடத்தில் பார்ப்போம்.

1. நிறை ஏன் கூடியது?

ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடித்துக் கொத்தினால் உடல் ஏறக்குறைய 300 கலோரி சக்தியைச் செலவிடும். சும்மா குந்தியிருந்தால் அதே நேரத்தில் 100 கலோரியும் செலவாகாது. தோட்டத்தில் நாள் முழுவதும் நின்றவருக்குக் குவித்துப் போட்ட சோறு தேவைப்பட்டது. காணி போனது, வேலை போனது. சோற்றின் அளவு மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாவது காரணம் நிவாரணம். முகாம்களில் கிடைத்த உலர் உணவு அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பனவே. உயிரைக் காத்த உணவு அது. ஆனால் இலைக்கறியும் மரக்கறியும் மீனும் அதில் இல்லை. முகாமை விட்டு வந்த பின்னும் காலையில் மாப்புட்டு, மாலையில் ரொட்டி என்ற பழக்கம் பல வீடுகளில் நின்றுவிட்டது. 2022இல் விலைவாசி ஏறியபோது மீனும் பயறும் மேலும் தூரமாயின.

மூன்றாவது காரணம் மனத்தில் உள்ளது. நாளைக்குக் கிடைக்குமோ தெரியாது என்று வாழ்ந்தவர், கிடைத்தபோது வயிறு நிறைய உண்பார். பிள்ளைகள் மிச்சம் விட்டதைக் கொட்ட மனமின்றித் தாயே உண்டு முடிப்பார். இதைப் பேராசை என்று எவரும் பழிக்கக் கூடாது. பட்ட துன்பம் விட்டுச்சென்ற பழக்கம் இது.

2. பட்டினி கிடந்தால் என்ன?

நிறையைக் குறைக்க இரவுச் சாப்பாட்டை முற்றாக நிறுத்துவோரும், ஒரு மாதம் கஞ்சி மட்டும் குடிப்போரும் உண்டு. சில கிலோ விரைவில் குறையும். ஆனால் உடல் பஞ்சம் வந்துவிட்டதென்றே எடுத்துக்கொள்கிறது. பசி கூடும், உடல் சக்தியைச் சிக்கனமாகச் செலவிடும், கொழுப்போடு தசையும் கரையும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் நிறையும் திரும்பிவிடும்.

ஆகவே எந்த மாற்றத்தைத் தொடங்குமுன்பும் ஒரு கேள்வி கேட்போம்: இப்படியே பத்து வருடம் சாப்பிட எம்மால் முடியுமா? முடியாது என்றால் அது எமக்கு உதவாது. ஒருவருக்கென்று தனிச்சமையலும் நெடுநாள் நீடிக்காது. வீட்டுப் பானையே மாறவேண்டும்.

3. கோப்பையில் மாற்றம்

சோற்றை முதலில் போட்டு, மிஞ்சிய இடத்தில் கறியை விடுவது எமது வழக்கம். இதை மாற்றுவோம். முதலில் கோப்பையின் அரைவாசிக்கு மரக்கறியும் இலைக்கறியும் போடுவோம். கால்வாசிக்குப் பருப்பு, பயறு, கௌபி, மீன், முட்டை இவற்றுள் ஒன்று. மிகுதிக் கால்வாசிக்குத்தான் சோறு, புட்டு அல்லது இடியப்பம். வயிறு நிறையும், பசி தாமதித்து வரும்.

தவிடு நீக்காத சிவப்பரிசி, தீட்டிய வெள்ளையரிசியிலும் நல்லது. குரக்கன் மாவும் ஒடியல் மாவும் அப்படியே. ஆனால் சிவப்பரிசியானாலும் அளவு அளவுதான். 100 கிராம் அரிசி எந்த நிறமாயினும் ஏறக்குறைய 350 கலோரி தரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. எனவே பொரிப்பதைக் குறைத்து, வறை, சொதி, அவியல் என்று சமைப்போம்.

4. தேநீரும் சீனியும்

ஒரு நாளில் ஐந்து முறை தேநீர், ஒவ்வொன்றுக்கும் மூன்று தேக்கரண்டி சீனி என்று வைப்போம். ஒரு தேக்கரண்டி 5 கிராம். நாளுக்கு 75 கிராம், அதாவது 300 கலோரி. மாதத்தில் ஒருவருக்கு மட்டும் இரண்டேகால் கிலோ சீனி! தேநீரை மூன்று முறையாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கரண்டி போட்டால் மாதத்துக்கு அரைக் கிலோவும் வேண்டாம். மிஞ்சும் காசில் பயறோ நெத்தலியோ வாங்கலாம்.

திடீரென நிறுத்தினால் நாக்கு ஏற்காது. இரண்டு வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும். பனங்கட்டியும் இனிப்பே; அதையும் ஒரு கடிக்கு மேல் போகாமல் பார்ப்போம்.

5. காணி இல்லாதவர் என்ன செய்வது?

இலைக்கறிக்குப் பெரிய காணி தேவையில்லை. வேலியில் முருங்கைத் தடி நட்டால் தழைக்கும். கிணற்றுநீர் வழிந்தோடும் ஈர இடத்தில் பொன்னாங்காணியும் வல்லாரையும் வளரும். மண்ணும் எருவும் நிரப்பிய பழைய சாக்கில் கீரை, கத்தரி, மிளகாய் வைக்கலாம். இந்த வேலையே உடலுக்குப் பயிற்சியுமாகும்.

6. எவ்வளவு குறைந்தால் போதும்?

தராசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் உயரத்துக்கு ஒரு கயிறு வெட்டி, அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றுங்கள். முனைகள் சேராவிட்டால் வயிற்றுக் கொழுப்பு கூடிவிட்டது என்று பொருள்.

பழைய இளமை உடலைத் தேடவேண்டியதில்லை. 2002இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நீரிழிவு வரக்கூடிய நிலையில் இருந்தவர்களுக்கு உடல் நிறையில் 7 வீதம் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பதும் இலக்காகக் கொடுக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்று வருடங்களில் அவர்களிடையே நீரிழிவு ஏற்படுவது 58 வீதத்தால் குறைந்தது. 70 கிலோ உள்ளவருக்கு 7 வீதம் என்பது 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவே. மாதம் ஒரு கிலோ குறைந்தால் போதும். மெதுவாக இறங்குவதே தங்கும்.

7. கவனிக்க வேண்டியவை

வளரும் பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், பாலூட்டும் தாய்மாரும் நிறை குறைக்க முயலக் கூடாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவரோ ஊசி போடுபவரோ கிளினிக்கில் சொல்லாமல் உணவைக் குறைத்தால் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முயற்சி எதுவுமின்றி நிறை குறைந்தால் உடனே வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நாம் இழந்தவற்றுள் பல எம் கையில் இல்லை. சொந்தக் காணிக்கு இன்னும் திரும்பாதவர்களும் எம்மிடையே உண்டு. திரும்பும் நாளில் அந்த மண்ணைக் கொத்த வலுவான காலும் தெளிந்த கண்ணும் வேண்டும். அவற்றைக் காக்கும் வேலையை இன்றைய சமையலிலேயே தொடங்கலாம்.

குழுவாகக் கலந்துரையாட:

1. எமது வீட்டில் மாதத்துக்கு எத்தனை கிலோ சீனி முடிகிறது? எத்தனை பேருக்கு?
2. இடம்பெயருமுன் உண்ட எந்த இலைக்கறிகளை இப்போது மறந்துவிட்டோம்? நாற்று அல்லது தடி யாரிடம் கிடைக்கும்?
3. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருடைய கோப்பையில் கறி எவ்வளவு மிஞ்சுகிறது?
4. அடுத்த கூட்டத்துக்குள் ஒவ்வொரு வீடும் செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றம் எது?